பனகல் பூங்கா

பனகல் பூங்கா, சென்னை தியாகராய நகரின் நடுவே உள்ள பொதுப் பூங்கா. பரப்பு ஏறத்தாழ 8 ஏக்கர். சென்னை மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளது.

வரலாறு: நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டுகிடந்த பழைய ஏரியைத் தூர்த்து, 1920களில் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. நீதிக்கட்சி நிறுவனர்களுள் ஒருவரான பிட்டி தியாகராயர் பெயர் நகருக்கும், அக்கட்சியின் சார்பில் 1921 முதல் 1926 வரை சென்னை மாகாண முதல் அமைச்சராக இருந்த பனகல் அரசர் இராமராயநிங்கார் பெயர் பூங்காவுக்கும் சூட்டப்பட்டன. அவரது சிலையும் இங்கே உண்டு.

அமைப்பும் வசதிகளும்: உஸ்மான் சாலை, வெங்கட்நாராயணா சாலை, கோ. நா. செட்டி சாலை, பாண்டி பஜார் எனப்படும் தியாகராயா சாலை ஆகியவை பூங்காவையொட்டிச் சந்திக்கின்றன. நடைபாதை, நிழல் மரங்கள், இருக்கைகள் உண்டு. காலையிலும் மாலையிலும் நடைப்பயிற்சிக்கு வருவோரும், துணிக்கடை, நகைக்கடை ஏறி இறங்கிக் களைத்தோரும் இதை நாடுவர்.

அண்மைக்காலம்: மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்தில், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடத்தின் சுரங்க நிலையங்களுள் ஒன்று இப்பூங்காவின் பெயரில் அமைகிறது.