பேஸ் பெட்டியில் குடியேறிய கிட்டார்

மேடைக் கச்சேரிகளில் கிட்டார் வாசிப்பவருக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கும் கறுப்புப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டிகளின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், கிட்டாருக்காகச் செய்யாத ஒரு பெட்டியில் போய் நிற்கும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ஸ்பீக்கர் என்றால் 'ஓ-பார்லர்', அதாவது உரக்கப் பேசுவது. தமிழில் ஒலிபெருக்கி என்கிறோம். ஆனால் பெருக்கும் வேலையைச் செய்வது ஆம்ப்ளிஃபையர். அது கொடுப்பதைப் பேசுவதுதான் ஸ்பீக்கர் பெட்டி. ஒன்றின் ஆம்ப்ளிஃபையரை இன்னொன்றின் பெட்டியோடு இணைக்க முடிவது இதனால்தான்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் 1951இல் மின்சார பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மறு வருடமே அதற்கென்று 'பேஸ்மேன்' என்ற ஆம்ப்ளிஃபையரும் வந்தது. பெட்டிக்குள் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. பிறகு அதை மாற்றி, 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கைப் பொருத்தினார்கள். பின்பக்கம் முழுதாக மூடாத அந்தப் பெட்டியால் பேஸின் அடிநாதத்தைச் சரியாகத் தாங்க முடியவில்லை. ஆனால் கிட்டார்க்காரர்கள் அதை விடவில்லை. சத்தத்தைக் கூட்டினால் வால்வுகள் திணறி, ஒலி இலேசாக உடைந்து வரும். அந்தக் கரகரப்புதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அதே காலத்தில் லண்டனில் ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் ஆசிரியர் 1960இல் ஓர் இசைக்கருவிக் கடை திறந்தார். அமெரிக்கச் சரக்கின் விலை அங்கிருந்த இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. எனவே பேஸ்மேன் சர்க்யூட்டையே மாதிரியாக வைத்து, 1962இல் அவர் கடையில் ஓர் ஆம்ப்ளிஃபையர் உருவானது. அதற்காக, பின்புறம் அடைத்த பெட்டியில் 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கை வைத்தார்கள். ராக் இசையின் அடையாளமாகவே ஆகிவிட்ட பெட்டி அது.

இன்றும் கிட்டார் ஆம்ப்ளிஃபையரை பேஸ் பெட்டியோடு இணைப்பவர்கள் உண்டு. அதில் ஆபத்து குறைவு. பேஸின் தடித்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிரும்; கிட்டாரின் தடித்த தந்தி 82 முறை. அந்தக் கனத்த அசைவைத் தாங்கும் ஸ்பீக்கருக்குக் கிட்டார் பெரிய பாரமில்லை. கூர்மை கொஞ்சம் மழுங்கி, ஒலி கனமாக இருக்கும். தலைகீழாகச் செய்தால்தான் வம்பு: பேஸை உரக்க வாசித்தால் கிட்டார் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்துபோகலாம்.

ஆகவே, பேரப்பிள்ளை கிட்டாரை பேஸ் பெட்டியில் மாட்டினால் திட்டாதீர்கள். ஆம்ப்ளிஃபையரிலும் பெட்டியிலும் எழுதியிருக்கும் ஓம் கணக்கு ஒத்துப்போகிறதா, அந்த வாட்ஸைப் பெட்டி தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபையராக இருந்தால், ஸ்பீக்கரை இணைக்காமல் அதில் வாசிக்கவே கூடாது.