லேசர் வெட்டலில் துணை வாயு: ஒரு வரலாறு

லேசர் ஒளிக்கற்றை உலோகத்தை உருக்குகிறது. உருகிய உலோகத்தை வெட்டுத்தடத்திலிருந்து கீழே தள்ளி வெளியேற்றுவது, ஒளியுடன் சேர்ந்து ஒரே முனையிலிருந்து பாயும் வாயு. இதற்குத் துணை வாயு என்று பெயர். பெயரில் துணை என்றாலும், தடிமனான துருப்பிடிக்காத எஃகை (எவர்சில்வர்) வெட்டும்போது வேலையில் பாதி இதனுடையதே.

தொடக்கம்

முதல் லேசரை 1960-இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் இயக்கிக் காட்டினார். 1964-இல் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய, இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். எனினும் அன்றைய லேசர்களின் திறன் எஃகை வெட்டப் போதவில்லை.

1967-ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில், பற்றவைப்பு ஆய்வாளர் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் லேசர் கற்றையுடன் ஆக்சிசனையும் செலுத்தி மெல்லிய எஃகுத் தகட்டை வெட்டினார். அடுப்பில் ஊதுகுழல் செய்யும் வேலையையே ஆக்சிசன் இங்கே செய்தது. சூடேறிய இரும்பு ஆக்சிசனுடன் சேர்ந்து எரிந்து கூடுதல் வெப்பம் தந்தது. குறைந்த திறன் கொண்ட லேசரும் எஃகை வெட்டியது.

எவர்சில்வர் தந்த சிக்கல்

சாதாரண எஃகுக்கு இம்முறை நன்கு பொருந்தியது. தடித்த தகட்டுக்கும் ஏறத்தாழ 1 பார் அல்லது அதற்கும் குறைந்த அழுத்தம் போதும். கூட்டினால் இரும்பு கட்டுமீறி எரிந்து விளிம்பு கெடும்.

துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் உண்டு. ஆக்சிசனில் வெட்டும்போது உண்டாகும் குரோமியம் ஆக்சைடு உருக 2,400 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் தேவை. அது கசடைக் குழம்பாக்கி அடி விளிம்பில் ஒட்டச் செய்யும். வெட்டிய பக்கமும் கறுக்கும். கறுத்த விளிம்பில் துரு எதிர்ப்பு குறைவதால், உணவுக் கலன்களுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அதை மீண்டும் தேய்த்துத் தூய்மை செய்ய வேண்டியிருந்தது.

அழுத்தம் உயர்ந்தது

தீர்வாக வந்தது நைட்ரசன். இது எரிதலுக்கு உதவாது. ஆகவே விளிம்பு பளபளப்பாக இருக்கும். ஆனால் எரிதலின் வெப்பமும் கிடைக்காது. உருக்குவது முழுவதும் லேசரின் பொறுப்பு, வெளியேற்றுவது முழுவதும் வாயுவின் பொறுப்பு என்றானது. எனவே தடித்த தகடுகளுக்கு 15 முதல் 20 பார் வரை அழுத்தம் தேவைப்பட்டது. கார் டயரில் உள்ள அழுத்தம் சுமார் 2 பார்தான் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாயு அறையின் ஒரு சுவராக இருந்த குவிவில்லை இந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருந்ததால், தடித்த வில்லைகள் பயன்பாட்டுக்கு வந்தன.

அழுத்தத்தைக் கூட்டினால் மட்டும் போதாது. வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கைத் தாண்டியதும் முனையில் வாயு ஒலியின் வேகத்தை எட்டிவிடும். மேலும் கூட்டினால் முனைக்கு வெளியே அதிர்வலைகள் தோன்றி, வாயுவின் வலிமையை வெட்டுத்தடத்துக்குள் செல்லும் முன்பே குறைக்கின்றன. இதனால் முனையின் வடிவம், விட்டம், தகட்டிலிருந்து அதன் இடைவெளி ஆகியவையும் அழுத்தத்துக்கு இணையான கவனம் பெற்றன.

இன்று

இப்போது பெருமளவில் பயன்படும் இழை லேசரின் வெட்டுத்தடம் குறுகியது. தடித்த தகட்டின் அடிவரை வாயு சென்று சேர்வது கடினம். அதனால் அகன்ற முனைகளைப் பயன்படுத்துகின்றனர். முனையின் விட்டம் இரு மடங்கானால், அதே அழுத்தத்தில் வாயுச் செலவு நான்கு மடங்காகும். தடித்த எவர்சில்வரை வெட்டும் பட்டறைகளில் நைட்ரசன் பெரிய செலவினமாக இருப்பது இதனால்தான்.

இன்னொன்றையும் மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். நைட்ரசனுக்கு நிறமோ மணமோ இல்லை. மூடிய கூடத்தில் அது கசிந்து நிறைந்தால் மூச்சுக்கு வேண்டிய ஆக்சிசன் குறையும். உள்ளே இருப்பவர் உணரும் முன்பே மயங்கிவிழலாம். எனவே விளிம்பைக் காக்கும் வாயு ஆளைக் கொல்லாதிருக்க, நல்ல காற்றோட்டமும் ஆக்சிசன் அளவைக் காட்டும் எச்சரிக்கைக் கருவியும் அவசியம்.