ஜாதித் தலைவர் முதல் வார்டு உறுப்பினர் வரை

ஊருக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும் என்பதைக் கடலை நம்பி வாழும் நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1530-களில் முத்துக்குளிப்பு உரிமையைக் காக்க வழிதேடி, நம் பட்டங்கட்டிமார் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரிடம் முறையிட்டனர். ஏழு கடல்துறைகளுக்கும் மேலாக விளங்கிய ஜாதித் தலைவருக்கு முத்துக்குளிப்பில் மானியப் பங்கு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியிலும் அது தொடர்ந்தது. ஆனால் அது பிறப்பால் வந்த பதவி. தலைவர் நல்லவராயின் ஊருக்கு நலம். அல்லவெனில் மாற்றுவதற்கு வழியில்லை.

1866-இல் தூத்துக்குடி நகராட்சியாயிற்று. முதலில் நியமனம், பின்னர் வரி செலுத்துவோர்க்கு மட்டும் வாக்கு என்று மெல்ல மெல்லவே நகர்மன்றம் மக்களுடையதாயிற்று. அம்மன்றத்தின் பெருமையை உணர்த்தியவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. 1909-இல் சேர்மனானவர், ஐந்து முறை அப்பொறுப்பை வகித்தார். துறைமுகத்தில் கப்பல்கள் வந்து குவிந்தும், ஊரில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. கிணற்று நீரெல்லாம் உப்பு. குடத்தோடு அலைந்த பாட்டிமார் கதைகளை நம்மில் மூத்தோர் கேட்டிருப்பர். வல்லநாட்டில் தாமிரபரணி நீரை எடுத்து, குழாய் வழியே நகருக்குக் கொண்டுவரும் திட்டத்துக்காக அவர் ஆண்டுக்கணக்கில் மன்றாடினார். 1927-இல் தண்ணீர் வந்தது. 1930-இல் அவர் மறைந்தார். அரசு அவருக்கு மணிமண்டபம் எழுப்பியது 2023-இல்தான்! குழாயைத் திறக்கும்போது அவரை நினைப்போர் எத்தனை பேரோ?

2008-இல் நகராட்சி மாநகராட்சியாகி, 60 வார்டுகள் அமைந்தன. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி வரை, ஐந்தாண்டுக்கு மேலாக நமக்கு உறுப்பினரே இல்லை. தனி அலுவலர்களே நிர்வாகம் நடத்தினர். சாக்கடை அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் மனு எழுதிக்கொண்டு போய்க் காத்திருந்தோம். மனுவை வாங்கியவர் முகம் அடுத்த முறை மாறியிருக்கும். நம் பெயரும் தெருவும் அறிந்தவர் ஒருவர் அங்கு இல்லாத குறையை அப்போதுதான் உணர்ந்தோம்.

2022 பிப்ரவரி 19-இல் மீண்டும் வாக்களித்தோம். இடங்களில் பாதி பெண்களுக்கு என்பது சட்டம். பட்டங்கட்டிமார் கூடிய அவைகளில் நம் பாட்டிமாருக்கு இடமிருந்ததில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் நகரே நீரில் மிதந்தபோது, நம் தெருவார் முதலில் போய்த் தட்டியது வார்டு உறுப்பினரின் வீட்டுக் கதவைத்தான். கோபத்தோடு தட்டியவர்களும் உண்டு. தட்ட ஒரு கதவு இருந்தது.