எந்திரத்தை மாற்றியவர் யார்?

1803-ஆம் ஆண்டு இலண்டனை அடுத்த கிரீனிச்சில் ஒரு நீராவி எந்திரத்தின் கொதிகலன் வெடித்தது. மூவர் அங்கேயே மாண்டனர். நான்காமவர் காயங்களால் பின்னர் இறந்தார். எந்திரத்தை வடிவமைத்தவர் ரிச்சர்டு டிரெவிதிக். எந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய சிறுவன் விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டான். அவனுக்குப் பதிலாக நின்ற தொழிலாளி, காப்பு வால்வின் நெம்புகோலை அழுத்திக்கொண்டிருந்த ஸ்பானரை அகற்றாமலே எந்திரத்தை நிறுத்திவிட்டார் என்று அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். எந்திரம் நின்றால் நீராவி செலவாகாது, அடுப்போ எரிந்துகொண்டிருக்கிறது. அழுத்தம் ஏறத்தானே செய்யும்!

பழியைக் கையாண்டவர் மேல் போட்ட டிரெவிதிக், அதே கடிதத்தில் இனி இரண்டு வால்வுகளும் ஓர் அழுத்தமானியும் வைக்கப்போவதாகவும் எழுதினார். வால்வு சிக்கிக்கொண்டால் அழுத்தமானியின் பாதரசம் வெளியே தள்ளப்பட்டு, அவ்வழியே நீராவி போய்விடும்.

வாங்கியவர் பொருளை மாற்றிவிட்டால் செய்தவர் பொறுப்பாளியா? இக்கேள்வி நெடுங்காலம் கழித்து நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்துக்கு வந்தது. ரீட்-பிரெண்டிஸ் நிறுவனம் 1965-இல் விற்ற பிளாஸ்டிக் வார்ப்பு எந்திரத்தில் ஒரு காப்புக் கதவு உண்டு. கதவை மூடினால்தான் எந்திரம் ஓடும். வாங்கிய தொழிற்சாலையோ நைலான் கயிற்றின் மேலேயே மணிகளை வார்க்க விரும்பியது. கயிறு நுழைய வழியில்லை. ஆகவே கதவில் 6 அங்குலத்துக்கு 14 அங்குலம் துளை வெட்டினார்கள். கதவு மூடியே இருந்ததால் எந்திரம் ஏமாந்து ஓடியது. 1971-இல் 17 வயதுத் தொழிலாளி ஒருவரின் கை அத்துளை வழியே உள்ளே அகப்பட்டு நசுங்கியது. ஜூரிகள் உற்பத்தியாளருக்கு 40 விழுக்காடு, தொழிற்சாலைக்கு 60 விழுக்காடு என்று பொறுப்பைப் பிரித்தார்கள். 1980-இல் உயர்ந்த நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. விற்றபோது பாதுகாப்பாக இருந்த பொருளைப் பிறர் பெரிதும் மாற்றினால், வடிவமைப்புக் குறை என்று உற்பத்தியாளரைப் பிடிக்க முடியாது என்றது. எனக்கு இது முழு நிறைவளிக்கவில்லை. அக்கதவை வைத்துக்கொண்டு கயிற்றில் மணி வார்க்க இயலாது என்பதை நிறுவனம் அறிந்திருந்தது, அல்லது அறிந்திருக்க வேண்டும் என்று அந்நீதிமன்றமே ஒப்புக்கொண்டதே!

1998-இல் அதே நீதிமன்றம் சற்று இளகியது. ஹோபார்ட் நிறுவனம் 1961-இல் செய்த இறைச்சி அரைக்கும் எந்திரம் ஒன்றின் காப்பை ஒரு கடையில் கழற்றிவிட்டிருந்தார்கள். 1993-இல் அங்கே 17 வயதுப் பணியாளர் ஒருவர் கையை இழந்தார். பலரும் காப்பைக் கழற்றுவதை அறிந்து, நிறுவனம் 1962 முதல் எந்திரங்களில் எச்சரிக்கை பொறிக்கத் தொடங்கியிருந்தது. இந்தப் பழைய எந்திரத்தில் அது இல்லை. வடிவமைப்பில் குற்றம் இல்லாவிட்டாலும், எச்சரிக்கத் தவறியதற்குப் பொறுப்பு எழலாம் என்றது நீதிமன்றம்.

அரைக்கும் எந்திரம் கையை வெட்டும் என்று எழுதியா காட்ட வேண்டும்? இவ்வழக்கில் 1999-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. எச்சரிக்கை ஆபத்தை மட்டும் சொல்வதில்லை. இந்த எந்திரத்துக்குக் காப்பு ஒன்று உண்டு, அதைக் கேட்டுப் பெறலாம் என்பதையும் வேலையாளுக்குத் தெரிவிக்கிறது.