நெல்லின் பகை, திராட்சையின் துணை

பெரியாறு அணையின் நீர் 1895 முதல் பாய்ந்துவரும் கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லும் திராட்சையும் அருகருகே விளைகின்றன என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் விதையில்லாத் திராட்சைக்குத் தெளிக்கப்படும் ‘ஜி.ஏ.’ என்னும் ஜிப்ரலிக் அமிலம், நெல்லைத் தாக்கும் ஒரு பூஞ்சையின் சுரப்பு என்பதைத் தோட்டக்காரர்களிலும் பலர் அறியார்.

அந்தப் பூஞ்சை தொற்றிய நாற்று வெளிறி, ஒல்லியாகி, பக்கத்து நாற்றுகளை விட்டுத் தனியே நெடுநெடுவென உயர்ந்து, பெரும்பாலும் மணி பிடிக்காமலே மடிந்துவிடும். ஜப்பானிய உழவர்கள் நெடுங்காலமாக அஞ்சிய இந்நோய் 1930களில் சென்னை மாகாண வயல்களிலும் பதிவாயிற்று. அன்று ஜப்பானின் ஆட்சியில் இருந்த தைவானில் பணியாற்றிய எயிச்சி குரோசாவா, பூஞ்சையை நீர்ம ஊடகத்தில் வளர்த்து, அதன் இழைகள் ஒன்றும் இல்லாதபடி வடிகட்டிய நீரை நோயற்ற நாற்றுகளுக்கு இட்டபோது அவையும் அவ்வாறே நெடிதுயர்ந்தன என்று 1926இல் அறிவித்தார். நோய்க்குறியைத் தோற்றுவிப்பது பூஞ்சை வெளியிடும் வேதிப்பொருளே என்பது அதனால் உறுதியாயிற்று. ஜப்பானிய வேதியியலாளர் தெய்ஜிரோ யபுத்தா 1935இல் அதற்கு ஜிப்ரலின் என்று பெயரிட்டார்; 1938இல் சக ஆய்வாளர் சுமிகியுடன் சேர்ந்து அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். இடையில் இரண்டாம் உலகப் போர் மூண்டதால், மேலை நாட்டு ஆய்வகங்கள் 1950களில்தான் இதில் முழு முனைப்புக் காட்டின. ஜிப்ரலின் பூஞ்சைக்கு மட்டும் உரியதன்று, பயிர்களே தம் வளர்ச்சிக்காகச் சுரந்துகொள்ளும் ஊக்கி என்று அப்போது தெரியவந்தது. இவ்வரலாற்றின் பெரிய திருப்பம் இதுதான்.

திராட்சைக்கு இது பயன்படும் காரணமும் அதிலேயே அடங்கியிருக்கிறது. விதையுள்ள கனியில், வளரும் விதையே ஜிப்ரலினைச் சுரந்து சதையைப் பருக்க வைக்கிறது. விதையில்லா வகையில் விதை இளமையிலேயே கருகிவிடுவதால் அச்சுரப்பு குறைந்து, கனி சிறுத்துப்போகிறது. அக்குறையை ஈடுகட்ட, தேனி மாவட்டத்தில் விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற ஓடைப்பட்டி போன்ற ஊர்களின் தோட்டங்களில், ஜிப்ரலின்களுள் ஒன்றான, தண்ணீரில் எளிதில் கரையாத ஜிப்ரலிக் அமில வெண்பொடியை முதலில் சிறிதளவு ஆல்கஹாலில் கரைத்து, பின்பு நீரில் கலந்து, லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் என்ற அளவில் கொத்துகளுக்குத் தெளிக்கிறார்கள் அல்லது கொத்துகளை அதில் முக்கி எடுக்கிறார்கள். பூக்கும் முன் இட்டால் கொத்தின் காம்பு நீண்டு நெருக்கம் குறையும். பிஞ்சு பிடித்தபின் இட்டால் கனி பருக்கும். அளவும் பருவமும் தப்பினால் பயனைவிடக் கேடே மிகுதி.

ஜிப்ரலிக் அமிலத்தை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுக்க முடியும் என்பதை அமெரிக்க வேதியியலாளர் கோரியின் குழு 1978இல் மெய்ப்பித்தது. எனினும் அவ்வழி மிகுந்த செலவுடையதாதலால், சந்தைக்கு வரும் சரக்கை இன்றும் தொட்டிகளில் நொதிக்கவைத்த அதே பூஞ்சையிடமிருந்தே பெறுகின்றனர். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையோ விதையுள்ள வகை. கனி பருக்கத் தேவையான ஜிப்ரலினை அதன் விதைகளே சுரந்துகொள்கின்றன.