அடியார் நெறியும் அரசின் சமயமும்

கபாலீச்சரத்தின் பெருமையையும் அறுபத்துமூவர் உலாவின் சிறப்பையும் மயிலாப்பூராருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. மலர்க்குழுவினர் பணித்தபடி, அந்த அறுபத்துமூவர் வரலாற்றிலிருந்தே ஒரு கருத்தை இங்கு வைக்கிறேன்: அரசுக்கென்று ஒரு சமயம் இருக்கலாகாது என்பதைச் சைவம் பட்டே அறிந்திருக்கிறது.

சேக்கிழார் பெருமானின் திருநாவுக்கரசர் புராணத்தை இந்தக் கண்கொண்டு ஓதிப் பாருங்கள். சமணம் சார்ந்த பல்லவ மன்னன் (முதலாம் மகேந்திரவர்மன் என்பர் ஆய்வாளர் பலர்) அப்பர் எனப்படும் அந்த நாவுக்கரசரை நீற்றறையில் இட்டான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளினான். மன்னன் சமயத்தைவிட்டு நீங்கியதே அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம். அதே பெரியபுராணம், பாண்டியன் சைவனான பின் மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதையும் மறைக்காமல் பாடுகிறது. அது உண்மையில் நடந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் காவியம் காட்டும் உண்மை தெளிவானது: மன்னன் சமயம் மாறினால் தண்டிக்கப்படுவோர் மாறுகின்றனர், தண்டனை நிற்பதில்லை. ஞானசம்பந்தர் மயிலையில் அருளிய பூம்பாவைத் திருப்பதிகமோ வேறோர் உலகம். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று விழாக்கள் நிரல்பட வருகின்றன. அவை ஊரார் எடுக்கும் விழாக்கள். எடுப்பித்த மன்னன் ஒருவனும் அங்கில்லை.

பெரும்பான்மையோரின் சமயம் அரசின் சமயமானால் என்ன தவறு என்பார்க்குப் பாக்கு நீரிணைக்கு அப்பால் விடை இருக்கிறது. இலங்கையின் 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. 1978 அரசியலமைப்பும் அதைத் தொடர்ந்தது. திருக்கேதீச்சரமும் கோணேச்சரமும் தேவாரம் பெற்ற தலங்களாயிருந்தும், அந்நாட்டுச் சைவர் சட்டத்தின் முன் இரண்டாம் வரிசையில் நிற்கின்றனர். அங்கே அநீதி என்று நாம் வருந்துவதை இங்கே நீதி என்று கொண்டாட முடியாது.

அரசுக்குச் சமயம் கூடாதெனில், தமிழக அரசின் அறநிலையத் துறை இந்துக் கோயில்களை ஆள்வது எவ்வகை மதச்சார்பின்மை என்ற கேள்வி கனமானது, தட்டிக்கழிக்கத் தக்கதன்று. கோயில் சொத்து நிர்வாகம் குறித்த முறையீடுகளே நீதிக்கட்சி ஆட்சியில் 1925 சட்டத்துக்கு வழிவகுத்தன. 1954 இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு சமயத்துக்கு இன்றியமையாதது எது என்பதை அச்சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்றது. அப்போதிருந்த சென்னை அறநிலையச் சட்டத்தின் சில பிரிவுகளைச் செல்லாதவையாக்கியது. அரசின் கை எல்லை மீறினால் தடுப்பதற்கு அரசியலமைப்பின் 25, 26ஆம் பிரிவுகள் இருக்கின்றன. அந்த அரசியலமைப்பை வரைந்த குழுவில் நம் மயிலாப்பூர் அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரும் இருந்தார் என்பது நமக்குப் பெருமை. கோயிலைவிட்டு அரசு விலகட்டும் என்போர், அதே மூச்சில் சமயத்துக்கு அரசைத் தலைமை தாங்கச் சொல்வது பொருந்தாது. நாடு முழுமைக்கும் ஒரே இந்து நெறி என அரசு வகுக்கத் தொடங்கினால், காமிகமும் காரணமும் வைகானசமும் பாஞ்சராத்திரமும் ஆகிய ஆகமங்கள் எந்த அலுவலரின் ஒப்புதலுக்குக் காத்துநிற்கும்? திருமுறை வகுப்பு நடத்தும் நம் மன்றங்கள், 26ஆம் பிரிவு சமய நெறியினருக்குத் தரும் உரிமை எது, சட்டத்துக்கு விடும் இடம் எது என்பதையும் மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும்.