ஒரு பெயர், பல புலவர்: தமிழ் இலக்கிய வரலாற்றில் பெயரொற்றுமை

தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் சிக்கல்களுள் ஒன்று, காலத்தாலும் ஊராலும் சமயத்தாலும் வேறுபட்ட பலர் ஒரே பெயரைத் தாங்கி நிற்பதாகும். ஔவையார், நக்கீரர், கபிலர், பரணர், கல்லாடர், பட்டினத்தார் ஆகிய பெயர்களுள் எதனை எடுத்துக்கொண்டாலும், அதன் கீழ் வழங்கும் நூல்கள் அனைத்தையும் ஒருவர் தம் வாழ்நாளில் பாடியிருக்க இயலாது என்பது சிறிது ஆராய்ந்த அளவிலேயே புலப்படும். இவ்வாறு வெவ்வேறு மாந்தர் ஒரே பெயரால் அறியப்படுவதைப் பெயரொற்றுமை என்பர். பண்டைத் தொகுப்பாளர் இச்சிக்கலை நன்கு உணர்ந்து அதற்கு ஒரு தீர்வும் கண்டிருந்தனர் என்பதும், பிற்காலத்தார் அத்தீர்வைக் கைவிட்டதால் பல புலவர் ஒருவராகக் குறுகினர் என்பதும், அச்சுக்காலத்து அறிஞர் அவர்களை மீண்டும் பிரித்துக் காணப் பெரிதும் உழைத்தனர் என்பதும் தமிழ்ப் புலமை மரபின் வரலாற்றில் தனியே எடுத்துரைக்கத் தக்க செய்திகளாகும்.

சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் பெரும்பாலான பாடல்களின் இறுதியில் அவற்றைப் பாடியவரின் பெயரைக் குறித்து வைத்தனர். புறநானூற்றில் திணை, துறை ஆகியவற்றோடு பாடியவர், பாடப்பட்டவர் ஆகிய இருவர் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. சாத்தன், கண்ணன், பூதன், கீரன், நாகன் முதலிய பெயர்கள் அக்காலத்தில் மிகப் பரவலாக வழங்கியமையால், பெயரை மட்டும் எழுதினால் ஆளை அறிய இயலாது என்பதைத் தொகுப்பாளர் கண்டனர். ஆகவே ஊர், தொழில், தந்தை பெயர், உடல் அடையாளம் ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ பெயருக்கு முன்னே சேர்த்தனர். பெயரைச் சிறப்பித்தோ வேறுபடுத்தியோ நிற்கும் இத்தகைய சொல்லை அடைமொழி என்பது இலக்கண வழக்கு.

சாத்தனார் என்னும் பெயர் இதற்குத் தெளிவான சான்றாகும். மணிமேகலை ஆசிரியராகப் போற்றப்படுபவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். கூலவாணிகன் என்பது தானியம் விற்பவரைக் குறிக்கும். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்பவர் மற்றொருவர். வண்ணக்கன் என்பது பொன்னையும் நாணயத்தையும் தேர்ந்து மதிப்பிடும் தொழிலுடையவரைச் சுட்டும். குமணனைப் பாடியவர் பெருந்தலைச் சாத்தனார். இவர் பெயரிலுள்ள பெருந்தலை என்பதனை ஊர்ப்பெயர் என்றும் உடல் அடையாளம் என்றும் இருவகையாக விளக்குவர். இவர்களன்றி ஆடுதுறை மாசாத்தனார், மோசிசாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார் ஆகியோரும் தொகைநூல்களில் இடம்பெற்றுள்ளனர். ஒக்கூர் மாசாத்தனாரோடு அதே ஊரைச் சேர்ந்த மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவரும் இருந்தமையால், அங்கே ஆண்பால், பெண்பால் ஈறுகளே இருவரையும் வேறுபடுத்தின. கண்ணனார் என்னும் பெயருடையோரும் பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தைப் பாடிய குமட்டூர்க் கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் எனத் தனித்தனியே அறியப்பட்டனர்.

புலவர்க்குச் செய்ததையே தொகுப்பாளர் அரசர்க்கும் செய்தனர். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியருள் ஒருவனை ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்றும், மற்றொருவனைத் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்றும் அவரவர் வென்ற போரால் பிரித்துக் காட்டினர். முன்னவன் கல்வியின் சிறப்பைக் கூறும் புறநானூற்றுப் பாடலைப் பாடியவன். பின்னவன் மதுரைக்காஞ்சியின் பாட்டுடைத் தலைவன். நன்மாறன் என்னும் பெயருடைய இருவரை அவர்கள் இறந்த இடங்களைக் கொண்டு இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என வேறுபடுத்தினர். துஞ்சுதல் என்பது இங்கு இறத்தலைக் குறிக்கும் மங்கல வழக்கு. வாழ்ந்த காலத்தில் எவரும் தாம் இறக்கப்போகும் இடத்தைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கியிருக்க முடியாது ஆதலின், இவ்வடைமொழிகள் அவர்களுக்குப் பின்வந்தோர் ஆளை அறிந்துகொள்ளும் பொருட்டே அமைத்தவை என்பது உறுதி. தமிழில் வரலாற்று உணர்வு குறைவு என்று கூறுவோர் இவ்வடைமொழிகளைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

இத்தகைய அடைமொழி இல்லாமலோ, இருந்தும் வழக்கில் உதிர்ந்துபோயோ நின்ற பெயர்களிலேயே குழப்பம் மிகுந்தது. அவற்றுள் முதன்மையானது ஔவையார் என்பதாகும். ஔவை என்பது தாய், மூதாட்டி ஆகியோரை மதித்து அழைக்கும் சொல்லாதலின், அது பல காலங்களில் பல பெண்பாற் புலவர்க்குப் பெயராக அமைந்ததில் வியப்பில்லை. சங்கத் தொகைநூல்களில் ஔவையார் பாடியனவாக 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 என அவை பகுத்துக் கூறப்படும். இவர் இன்றைய தருமபுரிப் பகுதியாகிய தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் சிறப்புற்றிருந்தவர். அவன் அளித்த நெல்லிக்கனியைப் பாடியவர். அவன் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர். அவன் இறந்தபோது கையறுநிலைப் பாடல்களைப் பாடியவர். கையறுநிலை என்பது தலைவனை இழந்தோர் செயலற்று வருந்துவதைக் கூறும் துறையாகும்.

சிறுவர் கல்வியில் பல தலைமுறைகளாக முதலிடம் பெற்றுவரும் ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும், வெண்பாக்களால் இயன்ற மூதுரையையும் நல்வழியையும் பாடிய ஔவையார், கம்பரும் ஒட்டக்கூத்தரும் வாழ்ந்த 12-ஆம் நூற்றாண்டை ஒட்டிய சோழர் காலத்தவர் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறார். இந்நூல்களின் மொழிநடை சங்கப் பாடல்களின் நடையினின்றும் வெகுவாக வேறுபட்டது. மூதுரையின் காப்புச் செய்யுளில் வரும் விநாயகர் வழிபாடோ சங்கப் பாடல்களில் காணப்படாதது. இனி, 72 அடிகளால் அமைந்த விநாயகர் அகவலும், ஔவைக்குறள் எனப்படும் ஞானக்குறளும் யோக நெறியின் நுட்பங்களைப் பேசுகின்றன. இவற்றை இயற்றியவரை அறநூல் பாடிய ஔவையாரினும் வேறானவராகக் கருதும் அறிஞர் பலர். ஆக, காதலும் போரும் பாடிய அவைப்புலவர், அறம் கற்பித்த ஆசிரியர், யோகம் உரைத்த ஞானி என மூவகை ஆளுமைகள் இந்த ஒரு பெயரின் கீழ் நிற்கின்றன.

மக்கள் வழக்கோ இவர்கள் அனைவரையும் ஒருவராக்கியது. பாரி மகளிர்க்கு மணம் முடித்து வைத்தவரும், சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலை சென்றபோது விநாயகர் அருளால் அவர்களுக்கு முன்னரே அங்குச் சென்றவரும், கம்பரோடு சொற்போர் புரிந்தவரும், சுட்ட பழம் பற்றி முருகன் கேட்ட கேள்வியில் தோற்றவரும் ஒரே மூதாட்டியே எனக் கதைகள் வளர்ந்தன. இவ்வளவு நீண்ட காலம் ஒருவர் எவ்வாறு வாழ்ந்தார் என்னும் கேள்விக்கு, அதியமான் தந்த நெல்லிக்கனி அவர் வாழ்நாளை நீட்டியது என்னும் விடையும் எழுந்தது. 1953-ஆம் ஆண்டு ஜெமினி நிறுவனத்தின் எஸ். எஸ். வாசன் தயாரித்து, கே. பி. சுந்தராம்பாள் நடித்து வெளிவந்த ஔவையார் திரைப்படம் இந்த ஒன்றுபட்ட உருவத்தையே தமிழர் உள்ளத்தில் நிலைபெறச் செய்தது. இக்கதைகள் ஒரு பெண்பாற் புலவர்மீது மக்கள் கொண்ட பேரன்பின் வெளிப்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றால் நேர்ந்த இழப்பும் பெரிது. தாமே தூது சென்று அரசியலில் பங்கேற்ற சங்ககாலப் பெண்ணின் உருவம் நீதி புகட்டும் மூதாட்டியின் உருவத்துள் மறைந்தது. பெண்பாற் புலவர் எண்ணிக்கையில் அருகிய ஒரு காலத்தில் தனித்து நின்று நூல் இயற்றியவரும் தமக்குரிய காலத்தை இழந்தார்.

நக்கீரர் என்னும் பெயரில் நேர்ந்த கலப்பு ஏட்டு மரபிலேயே நிகழ்ந்தது. சங்கப் புலவரை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் எனத் தொகைநூல்கள் தெளிவாகக் குறிக்கின்றன. கணக்காயர் என்பது எழுத்தறிவிக்கும் ஆசிரியரைக் குறிக்கும். நெடுநல்வாடை இவருடையதாகப் போற்றப்படுகிறது. இறையனார் அகப்பொருள் என்னும் களவியல் நூலின் உரையும் நக்கீரர் பெயரால் வழங்குகிறது. ஆனால் அவ்வுரை ஆசிரியரும் மாணவருமாகப் பல தலைமுறை வாய்மொழியாக வந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனாரை அடைந்ததாக அதுவே கூறுகிறது; 7-ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் நெடுமாறனைப் போற்றும் பாண்டிக்கோவைச் செய்யுள்களும் அதில் மேற்கோளாக வருகின்றன. ஆதலின் அவ்வுரையின் இன்றைய வடிவம் சங்க நக்கீரருடையதாக இருத்தல் அரிது. சைவத் திருமுறைகளுள் பதினோராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் பெயரில் கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி, திருஈங்கோய்மலை எழுபது முதலிய நூல்கள் உள்ளன; அவற்றோடு பத்துப்பாட்டின் முதற்பாட்டாகிய திருமுருகாற்றுப்படையும் அவர் பெயரிலேயே சேர்க்கப்பட்டுள்ளது. திருமுறை தொகுக்கப்பட்ட காலத்திலேயே இருவேறு நக்கீரர் ஒருவராக எண்ணப்பட்டனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கபிலர் பெயரும் இவ்வாறே அமைந்தது. பறம்புமலைப் பாரியின் நண்பரும் குறிஞ்சிப்பாட்டின் ஆசிரியருமாகிய சங்கக் கபிலர், தொகைநூல்களில் இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு உரியவர். பதினோராம் திருமுறையில் உள்ள கபிலதேவ நாயனார் மூத்த நாயனார் திருவிரட்டை மணிமாலை முதலிய மூன்று நூல்களைப் பாடியவர். இரட்டை மணிமாலை என்பது வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி அந்தாதியாகத் தொடுக்கப்படும் சிற்றிலக்கிய வகை. கட்டளைக் கலித்துறை என்னும் பாவினம் சங்கப் பாடல்களில் இல்லை. மூத்த நாயனார் என்பது விநாயகரைக் குறிப்பதாகலின், பாவடிவமும் வழிபாடும் ஒருங்கே இவர் பிற்காலத்தவர் என்பதை உணர்த்துகின்றன. பரணர் பெயரிலும் அதே திருமுறையில் பரணதேவ நாயனார் என ஒருவர் உளர். புறநானூற்றுத் தொகுப்பாளரோ பரணரையும் வன்பரணரையும் வன் என்னும் ஒரே அடைமொழியால் பிரித்துக் காட்டியிருந்தனர் என்பது இங்கு ஒப்பிட்டு நோக்கத்தக்கது. பட்டினத்தார் பெயரிலும், பதினோராம் திருமுறையில் ஐந்து நூல்கள் பாடிய பட்டினத்துப் பிள்ளையாரும், நிலையாமையை எளிய நடையில் பாடிய பிற்காலத் துறவியும் வேறாவர் என்பது ஆய்வாளர் பலரின் முடிபு.

19-ஆம் நூற்றாண்டில் புலவர் வரலாறுகள் நூல்வடிவம் பெறத் தொடங்கின. இலங்கையைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி 1859-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் புளூட்டாக், ஆர்னால்ட் சதாசிவம் பிள்ளை 1886-இல் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம் ஆகியன அம்முயற்சியின் முன்னோடிகள். அவை எழுதப்பட்டபோது சங்கத் தொகைநூல்கள் ஏட்டுச்சுவடிகளிலேயே இருந்தமையால், செவிவழிக் கதைகளையே அவை பெரிதும் சார்ந்திருக்க நேர்ந்தது. உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபின் அதியமானைப் பாடிய ஔவையாரின் பாடல்கள் எல்லார் கைக்கும் எட்டின. 1915-இல் நற்றிணையும் குறுந்தொகையும் அச்சேறியபின் ஒப்பாய்வுக்கு வேண்டிய சான்றுகள் பெருகின. சைவ சித்தாந்த மகா சமாஜம் 1940-இல் வெளியிட்டதும் ச. வையாபுரிப் பிள்ளை பதிப்பித்ததுமாகிய சங்க இலக்கியப் பதிப்பு, பாடல்களை நூல்வாரியாக அன்றிப் புலவர்வாரியாக வரிசைப்படுத்தியது. அவ்வாறு வரிசைப்படுத்துவதற்கு, ஒத்த பெயருடைய இருவர் ஒருவரா வேறானவரா என ஒவ்வோரிடத்தும் முடிவுசெய்தாக வேண்டும். சங்கப் புலவர் 473 பேர் என்று இன்று வழங்கும் எண்ணிக்கையும் இத்தகைய முடிவுகளைச் சார்ந்தே நிற்கிறது.

ஒத்த பெயருடையோரைப் பிரித்தறிய அறிஞர் கையாளும் அளவைகள் சில. பாடப்பட்ட அரசனும் உடன்வாழ்ந்த புலவரும் யாவர் என்பது முதலாவது. யாப்பும் நூல்வகையும் எக்காலத்தன என்பது இரண்டாவது. சொல்லாட்சியும் இலக்கண வடிவங்களும் எக்காலத்தை உணர்த்துகின்றன என்பது மூன்றாவது. தெய்வங்களும் சமயக் கருத்துகளும் எவை என்பது நான்காவது. கல்வெட்டு முதலிய புறச்சான்றுகள் ஐந்தாவது. இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு கூறுவது பிழைபடக்கூடும். பல அளவைகள் ஒரே திசையைக் காட்டும்போதே முடிவு வலுப்பெறும்.

இச்சிக்கல் பழங்காலத்தோடு நின்றுவிடவில்லை. மீனாட்சிசுந்தரம் என்னும் பெயரால் அண்மைக்கால வரலாற்றில் மூவர் சிறந்து விளங்குகின்றனர்: உ. வே. சாமிநாதையரின் ஆசிரியராகிய திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876), ருக்மிணி தேவிக்குப் பரதம் கற்பித்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954), மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகிய தெ. பொ. மீனாட்சிசுந்தரம் (1901–1980). திரிசிரபுரம், பந்தநல்லூர் என்னும் ஊர்ப்பெயர்களும் தெ. பொ. என்னும் முன்னெழுத்துகளும் இன்று செய்யும் பணி, கூலவாணிகன், வண்ணக்கன் என்னும் அடைகள் அன்று செய்த பணியே ஆகும்.

ஆதலின் பாடநூல்களிலும் நூலகப் பட்டியல்களிலும் மின்பதிப்புகளிலும் ஔவையார், நக்கீரர், கபிலர் எனப் பெயரை மட்டும் எழுதி அமைதல் போதாது. சங்ககால ஔவையார், அறநூல் பாடிய ஔவையார், கபிலதேவ நாயனார் என உரிய அடையோடு எழுதுதல் வேண்டும். மாணவர்க்கு இவ்வேறுபாடு பள்ளிப் பருவத்திலேயே கற்பிக்கப்பட வேண்டும். ஒரு பெயரின் கீழ் மறைந்து நிற்கும் ஒவ்வொரு புலவர்க்கும் அவருடைய பாடலையும் காலத்தையும் மீட்டுக்கொடுப்பது, அவர்களைக் கற்று வாழும் தமிழ்ச் சமுதாயத்தின் கடமையாகும்.